முதிய பெற்றோரின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவு: சூளகிரி வட்டாரம்

நீண்டகாலப் பராமரிப்பு என்பது முதுமை, பக்கவாதம், டிமென்சியா எனப்படும் மறதிநோய், பார்கின்சன் எனப்படும் நடுக்குவாதம், இடுப்பெலும்பு முறிவு போன்ற காரணங்களால் தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள முடியாத ஒருவருக்கு மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் தேவைப்படும் உதவியாகும். குளிப்பாட்டுதல், ஊட்டிவிடுதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், மாத்திரைகளை நேரத்துக்குக் கொடுத்தல், இரவில் கண்விழித்தல் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் பெரும்பாலானவை மருத்துவச் சிகிச்சை அல்ல. எனவே மருத்துவக் காப்பீடுகள் இவற்றுக்குப் பணம் கொடுப்பதில்லை. இந்தியக் குடும்பங்கள் பெற்றோர் பராமரிப்பில் சந்திக்கும் பணச்சிக்கலின் வேர் இந்த இடைவெளியில் இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சூளகிரி வட்டாரத்தில் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காணலாம். உழவு நிலமும் தொழிற்சாலை வேலையும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கும் பகுதி இது. கர்நாடக எல்லையும் அருகிலேயே உள்ளது.

வட்டாரப் பின்னணி

சூளகிரி, சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் அமைந்துள்ளது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியிலும் அலுவலகத்திலும் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். தக்காளி, கொத்தமல்லி, புதினா, முட்டைகோசு, ரோஜா ஆகியவை இப்பகுதியின் பணப்பயிர்கள்.

1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் தொடக்க காலத்திலேயே ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. பின்னர் சூளகிரி, குருபரப்பள்ளி ஆகிய இடங்களிலும் வளாகங்கள் வந்தன. 1980-களில் ஓசூர் வாகன, கடிகாரத் தொழிற்சாலைகளில் இளைஞர்களாகச் சேர்ந்தவர்கள் இப்போது ஓய்வு பெற்ற முதியவர்கள். அண்மை ஆண்டுகளில் மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்து வருகின்றன. இந்த இரண்டாவது மாற்றம் முதியோர் பராமரிப்பை நேரடியாகத் தொடுகிறது. முன்பு வீட்டிலும் தோட்டத்திலும் இருந்த மகளோ மருமகளோ இப்போது ஷிப்ட் பேருந்தில் ஏறுகிறாள்.

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 2011 கணக்கெடுப்பில் 10 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக இருந்தனர். 2021-இல் 13.6 விழுக்காடு எனவும் 2031-இல் 18.2 விழுக்காடு எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது. கேரளத்துக்கு அடுத்தபடி முதியோர் விகிதம் மிகுந்த மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு உள்ளது.

செலவின் தன்மை

பெற்றோருக்கான செலவைக் குடும்பங்கள் பொதுவாக 'ஆஸ்பத்திரிச் செலவு' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றன. உண்மையில் இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது திடீரென வரும் பெரிய செலவு: பக்கவாதத்துக்கான முதல் பத்து நாள் சிகிச்சை, இடுப்பெலும்பு அறுவை போன்றவை. உறவினர் கைகொடுப்பதும், காப்பீடு உதவுவதும், அரசு மருத்துவமனை இலவசமாகப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். இரண்டாவது, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு தொடங்கும் சிறு செலவு. அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. குடும்பத்தை மெல்ல மெல்லக் கரைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். படுக்கையில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு மூன்று டயப்பர், ஒன்று 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 3,150 ரூபாய் ஆகும். பகலில் மட்டும் கவனித்துக்கொள்ள ஒருவரை நாள் கூலி 700 ரூபாய்க்கு அமர்த்தினால் மாதம் 21,000 ரூபாய். இரவுக்கும் ஆள் வைத்தால் இது இரட்டிப்பாகும். மாத்திரை, புண்ணுக்குக் கட்டுப் போடுதல், இயன்முறைப் பயிற்சி, மாதம் ஒருமுறை வாடகை வண்டி ஆகியவை தனி. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்கான சம்பள உச்சவரம்பும் இதே 21,000 ரூபாய்தான். அதாவது இக்கணக்கின்படி, அத்திட்டத்தில் உள்ள ஒரு தொழிலாளி தன் முழுச் சம்பளத்தைக் கொடுத்தாலும் தாய்க்குப் பகல்நேர ஆள் ஒருவரை மட்டுமே அமர்த்த முடியும். ஆள் வைப்பது வசதியுள்ள சில வீடுகளுக்கே இயலும் காரியமாக இருப்பது இதனால்தான். ஆள் கிடைத்தாலும் மொழி ஒரு தடையாகலாம். தெலுங்கு மட்டுமே பேசும் மறதிநோயுள்ள மூதாட்டிக்கு, அம்மொழி தெரியாத பணியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்நியரே.

வருமானம் வரும் விதமும் இந்தச் செலவோடு பொருந்துவதில்லை. மருந்துச் செலவு மாதந்தோறும் ஒரே சீராக வருகிறது. தக்காளி விலை அப்படி வருவதில்லை. இராயக்கோட்டைச் சந்தையில் விலை ஏறிய பருவத்தில் ஒரு குடும்பத்தால் ஆறு மாத மருந்தை மொத்தமாக வாங்க முடியும். விலை வீழ்ந்த பருவத்தில் பறிகூலிகூடத் தேறாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள். அப்போது முதலில் நிறுத்தப்படுவது பெரியவர்களின் இரத்த அழுத்த மாத்திரையாக இருப்பதுண்டு. நிறுத்திய மாத்திரை பிறகு பக்கவாதமாகத் திரும்பி வரக்கூடும்.

குடும்பங்கள் பணம் திரட்டும் வழிகள்

நிலம். உழவர் குடும்பங்களில் நிலமே முதுமைக் காப்பீடு. 'நிலம் யாருக்கு, பெற்றோர் யாரிடம்' என்ற இரு கேள்விகளும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. பாகப்பிரிவினையின்போது பெற்றோர் தங்களுக்கென ஒரு பங்கை ஒதுக்கிக்கொண்டு, கடைசிவரை பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அந்தப் பங்கு சேரும் என்று வாய்வழியாகச் சொல்லிவைப்பது ஒரு முறை. மாதம் ஒரு மகன் வீடு என்று முறைவைத்துக்கொள்வது இன்னொன்று. முறைவைப்பது பார்வைக்குச் சமநீதியாகத் தோன்றும். ஆனால் மறதிநோய் உள்ளவருக்கு மாதந்தோறும் வீடு மாறுவது குழப்பத்தை அதிகரிக்கும். மருந்துச்சீட்டும் பரிசோதனை அறிக்கையும் வீட்டுக்கு வீடு சிதறிப்போகும்.

தொழில் வளாகங்கள் விரிந்ததால் நெடுஞ்சாலையை ஒட்டிய நிலங்களின் மதிப்பு உயர்ந்தது. ஒரு துண்டை விற்றுத் தந்தையின் சிகிச்சைக்குச் செலவிடும் வசதி சிலருக்கு வாய்த்தது. மறுபுறம், நிலம் கையகப்படுத்தப்படும்போது கிடைக்கும் இழப்பீடு ஒரே தவணையில் வந்து, வீடு, திருமணம், வாகனம் எனக் கரைந்துவிட்டால் பெற்றோரின் முதுமைக்கு ஆண்டுதோறும் சோறு போட்டுவந்த ஆதாரம் போய்விடுகிறது. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதி உழவர்கள் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-இல் தொடர்ந்து போராடியதற்குப் பின்னால் இந்த அச்சத்துக்கும் ஓர் இடம் இருந்திருக்கும் என்று கருதலாம்.

நகை. திடீர்ச் செலவுக்கு முதலில் கைக்கு வருவது நகைக்கடன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, தனியார் நகைக்கடன் நிறுவனம், தெருமுனை அடகுக்கடை என்று வட்டி ஏறுவரிசையில் வாய்ப்புகள் உள்ளன. நகைக்கடன் குறுகிய காலத் தேவைக்கு ஏற்றது. ஐந்து ஆண்டு படுக்கையில் இருப்பவரின் செலவுக்கு அதைப் பயன்படுத்தும்போது, ஆண்டுதோறும் வட்டியைக் கட்டி அதே நகையைத் திருப்பி வைப்பது வழக்கமாகி, இறுதியில் ஏலத்தில் முடிவதுண்டு. அடகுக்குப் போகும் நகை பெரும்பாலும் மருமகளுடையது என்பதைக் குடும்பக் கணக்குகள் எழுதிவைப்பதில்லை.

சீட்டும் குழுவும். ஏலச்சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்து மருத்துவமனைக் கட்டணம் கட்டுவது தொழிலாளர் குடும்பங்களில் பரவலான வழி. பதிவு பெறாத சீட்டாக இருந்தால் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. மகளிர் சுய உதவிக் குழுக் கடன் மற்றொரு வழி. தமிழ்நாட்டில் அரசு ஆதரவுடன் இக்குழுக்கள் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கப்பட்டது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். சூளகிரியும் அப்போது அம்மாவட்டத்தில் இருந்தது. தொழில் செய்யவென வாங்கும் குழுக்கடன் மருத்துவச் செலவுக்குத் திருப்பப்படுவது புதிதல்ல. தவணை தவறினால் மற்ற உறுப்பினர்கள் பொறுப்பேற்க வேண்டியிருப்பதால், ஒரு வீட்டின் நோய் பத்துப் பதினைந்து வீடுகளின் கவலையாகிறது.

ஓய்வூதியம். தனியார் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவருக்குத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் கீழ் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம் உள்ளது. அதன் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். மொத்தமாக வரும் வைப்பு நிதித் தொகை வீட்டுக்கடன் அடைக்கவோ மகள் திருமணத்துக்கோ போய்விட்டால், எழுபது வயதில் எஞ்சுவது இந்தச் சிறு தொகை மட்டுமே. 2007-இல் தேசிய வீட்டுவசதி வங்கி வகுத்த 'மறுதலை அடமானம்' என்ற முறையில், 60 வயது கடந்தவர் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கிக்கு ஈடாக வைத்து மாதத் தொகை பெறலாம். விளைநிலத்துக்கு இது பொருந்தாது. வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வேண்டும் என்ற எண்ணமும் வலுவாக இருப்பதால் இம்முறை கிராமப்புறத்தில் வேரூன்றவில்லை.

காப்பீடு எதற்குப் பணம் தருகிறது

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழிலாளி சம்பளத்தில் 0.75 விழுக்காடும் நிறுவனம் 3.25 விழுக்காடும் செலுத்துகின்றன. தொழிலாளியைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் இதில் மருத்துவ வசதி உண்டு. பெற்றோரின் வருமானம் மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது. ஓசூரில் இத்திட்டத்தின் மருத்துவமனை இயங்குகிறது. வேலைக்குச் சேர்ந்தபோது பெற்றோர் பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்க்காமல் விட்டுவிடுவது இளைஞர்கள் செய்யும் பெரிய பிழை. தந்தை விழுந்த பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒப்பந்ததாரர் மாறும்போது தங்கள் காப்பீட்டு எண் தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் குடும்பம் திட்டத்திலிருந்து வெளியேறுகிறது. சில நூறு ரூபாய் ஊதிய உயர்வு பெற்றோரின் இலவச மருத்துவத்தை நிறுத்திவிடலாம். குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் மட்டும் கட்டித் தமக்கும் தம் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். இவ்வளவு குறைந்த செலவில் கிடைக்கும் இந்த உரிமை பலருக்குத் தெரியாமலே போகிறது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், குடும்பம் என்பதன் வரையறையில் பெண் தொழிலாளியைச் சார்ந்திருக்கும் மாமனார், மாமியாரையும் சேர்த்துள்ளது. மருமகள் தொழிற்சாலைக்கும் மகன் தோட்டத்துக்கும் போகும் சூளகிரி வட்டாரக் குடும்பங்களுக்கு இது முக்கியமான மாற்றம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் தொடர்ச்சி இது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள வீடு இந்த எல்லையைத் தாண்டிவிடும். மத்திய அரசு 2024 அக்டோபரில் 70 வயது கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி 5 இலட்சம் ரூபாய்க் காப்பீட்டை அறிவித்தது. தனியார் காப்பீடுகளில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்துக்குச் சரக்கு சேவை வரி இல்லை. இவை எல்லாம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டவை. வீட்டில் ஊட்டிவிடுபவருக்கும் புரட்டிப்போடுபவருக்கும் இவற்றிலிருந்து பணம் வராது.

எல்லைக்கு அருகில் இருப்பதால் வரும் செலவும் உண்டு. கடுமையான நோய் என்றால் இப்பகுதி மக்கள் பெங்களூருக்கே ஓடுவது வழக்கம். சாலை நேரானது. பெரிய மருத்துவமனைகள் பல அங்கே உள்ளன. ஆனால் மாநில அரசின் காப்பீடு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைப் பட்டியலோடு கட்டுண்டது. பட்டியலில் உள்ளதா என்று கேட்காமல் எல்லையைத் தாண்டிச் சேர்த்துவிட்டால், முழுத்தொகையையும் கையிலிருந்து கட்ட நேரிடும். 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு மாவட்டத்துக்குள்ளேயே ஒரு மாற்று வழி வலுப்பெற்றுள்ளது.

அரசு உதவி: பணமும் பணியும்

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. இதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80 வயது முதல் 500 ரூபாய். மீதியை மாநில அரசு தருகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் விண்ணப்பத்தை முடிவு செய்கிறார். இது வறிய முதியோருக்கானது. பெயரளவில் நிலமும் சம்பாதிக்கும் மகனும் இருந்து, கையில் காசில்லாத முதியவர்கள் இதன் வரம்புக்கு வெளியே நிற்க நேர்கிறது. மேலே கண்ட டயப்பர் கணக்கில் 1,200 ரூபாய் பதினோரு நாளுக்குத்தான் வரும். ஆயினும் அது முதியவரின் பெயரில் வருகிறது. மகனிடம் கேட்காமல் வெற்றிலை வாங்கவும் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கவும் முடிகிறது என்பதை முதியவர்கள் தொகையைவிடப் பெரிதாக மதிப்பதுண்டு.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். பார்கின்சன் நோய், நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு உள்ளவர்களும் இதில் அடங்குவர். பக்கவாதத்தால் கைகால் செயலிழந்த முதியவரை 'வயசானவர்' என்று மட்டும் பார்த்துவிட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடும் வீடுகள் உண்டு. 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் வறிய முதியோருக்குச் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செவித்துணைக் கருவி போன்றவற்றை இலவசமாக வழங்குகிறது. முதியவர்களின் வீட்டுக்கே ரேசன் பொருள் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

பணமாக அன்றிப் பணியாகவே வீட்டு வாசலுக்கு வந்த உதவி, இந்த வட்டாரத்திலேயே பிறந்தது. 2021 ஆகஸ்டு 5 அன்று சூளகிரி ஒன்றியத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்து, மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கின்றனர். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகின்றனர். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகள் தரப்படுகின்றன. 2024 செப்டம்பரில் இத்திட்டம் தொற்றா நோய்களுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருதைப் பெற்றது.

குடும்பக் கணக்கில் இதன் மதிப்பைப் பணமாகக் காண்பது எளிது. முன்பு தாயை அழைத்துச் செல்ல மகன் ஒரு நாள் சம்பளத்தை இழந்தான், ஆட்டோவுக்குக் கொடுத்தான், கூட்டத்தில் காத்திருந்தான். தக்காளி விலை விழுந்த மாதத்திலும் மாத்திரை நிற்காமல் வருகிறது. படுக்கைப்புண்ணை எப்படிக் கழுவுவது என்று செவிலியர் ஒருமுறை காட்டிக்கொடுத்தால், அடுத்த முப்பது நாளும் அதை வீட்டாரே செய்ய முடிகிறது. ஆனால் செவிலியர் ஓர் ஒன்றியம் முழுவதற்கும் போக வேண்டும். எனவே அவர் வந்து போகும் ஒரு மணி நேரத்துக்கு வெளியே உள்ள பொழுது முழுவதும் குடும்பத்தின் பொறுப்பாகவே உள்ளது. பகலில் மட்டும் முதியோரைக் கவனித்துக்கொள்ளும் 'அன்புச்சோலை' மையங்களைத் தமிழ்நாடு அரசு 2025 நவம்பரில் 25 இடங்களில் தொடங்கியது. இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளுக்கு இத்தகைய பகல்நேர மையம் பொருத்தமானது. எழுந்து நடமாட முடிந்தவர்களுக்கே அது பயன்படும்.

சட்டம்

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோரிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கோரலாம். பிள்ளையில்லாதவர், தம் சொத்தைப் பெறப்போகும் உறவினரிடம் கேட்கலாம். கோட்ட அளவிலான தீர்ப்பாயம் இதை விசாரிக்கிறது. சூளகிரி வட்டம் ஓசூர் வருவாய்க் கோட்டத்தைச் சேர்ந்தது. முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

நடைமுறையில் அதிகம் பேசப்படுவது இச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பார்த்துக்கொள்வான் என்று நம்பிச் சொத்தைத் தான செட்டில்மென்ட்டாக எழுதிக்கொடுத்த பிறகு பிள்ளை கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்தை அணுகலாம். பராமரிப்பு என்ற நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பு, சட்டத்தின் நோக்கத்தைக் கருதித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமும் காரணமாக எழுதப்பட்ட பத்திரத்தில் நிபந்தனை மறைமுகமாக அடங்கியுள்ளதாகவே கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புகளின் போக்கு எப்படி இருந்தாலும், 'என்னையும் என் மனைவியையும் ஆயுள் வரை உணவு, உடை, மருத்துவம் கொடுத்துப் பராமரிக்க வேண்டும்' என்ற வரியையும், தம் ஆயுட்கால அனுபவ உரிமையையும் பத்திரத்திலேயே எழுதிவைப்பது முதியவருக்குப் பாதுகாப்பு. அந்த ஒரு வரிக்குக் கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை. குடும்பத்தாருக்குள்ளான செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத்தீர்வை ஒரு விழுக்காடு, உச்சம் 40,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் நிர்ணயிக்கப்பட்டது. எழுதிக்கொடுக்க அவசரமில்லாதவர்கள் உயில் எழுதலாம். உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றும் உரிமை எழுதியவரிடமே இருக்கும்.

தீர்ப்பாயத்துக்குச் செல்லும் பெற்றோர் மிகச் சிலரே. மகன் மீது புகார் எழுதுவதைவிடப் பட்டினி கிடப்பது கௌரவம் என்று கருதும் மனநிலை அதற்கு ஒரு காரணம்.

பராமரிப்பவரின் கூலி

மேலே சொன்ன நிலம், நகை, சீட்டு, காப்பீடு, உதவித்தொகை எல்லாவற்றையும் கூட்டினாலும் நீண்டகாலப் பராமரிப்பின் மிகப் பெரிய செலவு கணக்கில் வராது. வீட்டில் ஒரு பெண் செய்யும் ஊதியமில்லா உழைப்பே அது. 2024-ஆம் ஆண்டுக்கான இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைக் கவனிக்கும் பணியில் ஈடுபட்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்களில் இது 21.4 விழுக்காடு, 74 நிமிடங்கள். குழந்தை வளர்ப்பும் இதில் அடங்கும்.

தோட்ட வேலை மட்டும் இருந்த காலத்தில் இந்த உழைப்பின் விலை கண்ணுக்குத் தெரியவில்லை. களையெடுப்பதற்கு நடுவில் வீட்டுக்கு வந்து மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போக முடிந்தது. தொழிற்சாலையில் அப்படி நடுவில் வர முடியாது. ஆகவே மாமியார் படுக்கையில் விழுந்த அன்று வீட்டில் எழும் கேள்வி, யார் வேலையை விடுவது என்பதுதான். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவர் மூன்று ஆண்டு வேலையை விட்டால் குடும்பம் இழப்பது 5,40,000 ரூபாய். அதோடு வைப்பு நிதியும், ஈ.எஸ்.ஐ. வசதியும், பணி மூப்பும் போகின்றன. அவர் முதியவரானபோது கிடைக்க வேண்டிய ஓய்வூதியமும் குறைகிறது. வழக்கமாகக் குறைந்த சம்பளம் வாங்குபவர் வேலையை விடுகிறார். அவர் பெரும்பாலும் பெண். ஒரு வேடிக்கையும் உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'பிள்ளைகள்' என்ற வரையறையில் மருமகள் இல்லை. கடமை அவள் மீது இல்லை என்பது ஒருபுறம் இருக்க, செய்த உழைப்புக்கு அங்கீகாரமும் இல்லை.

உடன்பிறந்தோர் பலர் உள்ள சில குடும்பங்கள் இதற்கு ஒரு தீர்வு கண்டிருக்கின்றன. வெளியூரில் இருப்பவர்கள் மாதந்தோறும் ஒரு பொதுக் கணக்கில் பணம் போடுகின்றனர். அதிலிருந்து மருந்து, டயப்பர் போன்றவற்றோடு, வீட்டிலிருந்து பார்த்துக்கொள்பவருக்கு ஒரு தொகையும் கொடுக்கப்படுகிறது. 'பெற்ற தாயைப் பார்க்கக் கூலியா' என்ற பேச்சு முதலில் எழத்தான் செய்யும். பணம் அனுப்புபவரும் உடலுழைப்புத் தருபவரும் ஒரே கணக்கில் எழுதப்படும்போது, பிற்காலத்தில் சொத்துப் பிரிப்பில் வரும் சண்டை குறைகிறது.

இந்தக் கூலியைச் சமூகமே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைச் சில நாடுகள் செய்துள்ளன. செருமனி 1995-இல் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அங்கே வீட்டிலேயே பராமரிப்பு நடந்தால் குடும்பத்துக்குப் பணமாகவே உதவி தரப்படுகிறது. பராமரிக்கும் உறவினரின் ஓய்வூதியக் கணக்கிலும் காப்பீடே பங்களிப்புச் செலுத்துகிறது. சப்பான் 2000 ஏப்ரலில் இதைப் போன்ற காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயது முதல் அனைவரும் கட்டணம் கட்டுகின்றனர். பணமாக அன்றிச் சேவையாகவே உதவி கிடைக்கிறது. தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் 1995-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளின் கடமையை வரையறுக்கிறது. அதோடு நிற்காமல், 2020-இல் 'கேர்ஷீல்ட் லைஃப்' காப்பீடு கொண்டுவரப்பட்டது. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறை செல்லுதல், நடத்தல், படுக்கையிலிருந்து இடம் மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைத் தாமே செய்ய முடியாதவருக்கு ஆயுள் முழுவதும் மாதத் தொகை வழங்கப்படுகிறது. தொடங்கிய ஆண்டில் அது மாதம் 600 சிங்கப்பூர் வெள்ளி.

இந்தியாவில் இவற்றுக்கு நிகரான தேசிய அளவிலான பராமரிப்புக் காப்பீடு இல்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தின் கீழ், படுக்கையில் இருப்பவரை முழுநேரமும் கவனித்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் வழங்கப்படுகிறது. தொகை மிகச் சிறியது. ஆனால் அது நோயாளிக்கான உதவித்தொகை அல்ல, பராமரிப்பவருக்கான உதவித்தொகை.